பசிலிசா வைத்த விருந்து

கற்றறிந்த அன்பரே, சமார் தீவின் கீழைக்கரையில், தலையிழந்த தென்னைகள் வரிசையாய் நிற்க, கூரையிழந்த குடில்களின்மேல் கிழிந்த பாய்த்துணிகள் படபடக்க, கதிரவன் மலைப்புறம் சாய்ந்து கடல்நீர் கருக்கும் அந்தி வேளையில், தலிசாய் என்னும் எங்கள் மீனவச் சிற்றூரைக் கண்டிருப்பீராயின், இங்கு இனி அடுப்பெரியுமோ என்று ஐயுற்றிருப்பீர். சூறைக்காற்று வந்துபோய்த் திங்கள் ஒன்று கழிந்தும், கரையில் படகுகளைவிட உடைந்த பலகைகளே மிகுந்து கிடந்தன. ஆயினும் கோவில் மணி ஒலித்ததும் மக்கள் வயிற்றை மறந்து எழுந்தார்கள். எங்கள் ஊரார் அப்படித்தான்; சோறில்லாமல் இருப்பார்கள், செபமில்லாமல் இருக்கமாட்டார்கள்.

அது செபமாலைத் திங்கள். அத்திங்கள் முழுதும் அன்னை மரியாளின் திருவுருவம் கோவிலை விட்டிறங்கி வீடு வீடாய்ச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்கும். முந்தைய வீட்டார் அதனை ஏந்திவர, தெருவே பாடிக்கொண்டு பின்தொடரும்; செபம் முடிந்ததும் வந்தோர் அனைவர்க்கும் அவ்வீட்டார் விருந்திடுவர்; பின்னர் ஊர் கலைய, அன்னையும் அவ்வீட்டாருமே விடியும்வரை தனித்திருப்பர். அவ்விரவில் கேட்பதை அன்னை தட்டமாட்டாள் என்பது எங்கள் நம்பிக்கை.

பசிலிசா என்னும் கைம்பெண் அந்த ஓர் இரவுக்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். அவள் கணவன் கிரினோ சூறைக்காற்றன்று கடலுக்குப் போனவன். படகின் பலகை வந்தது, அவன் வரவில்லை. புதைக்க உடலுமின்றி, சிலுவை நடக் குழியுமின்றி, அழுவதற்கும் ஓர் இடமின்றித் தவித்த அப்பேதை, அவன் உடலையேனும் திருப்பித் தருமாறு அன்னையிடம் நேருக்கு நேர் கேட்க விரும்பினாள். ஆதலின் தன் முறை வந்த அந்தியில், தரை பெருக்கி, திருமணத்தன்று அணிந்த வெண்முக்காட்டை அன்னையை அமர்த்தும் பலகைமேல் விரித்து, சன்னலில் விளக்கேற்றிக் காத்திருந்தாள்.

ஆனால் அன்று காலையிலேயே கோவில் முற்றத்தைப் பெருக்கிய பெண்கள் வேறொரு முடிவு செய்திருந்தனர். செபக்குழுவின் தலைவி செவேரா வாயில் காரமும் நெஞ்சில் ஈரமும் உடையவள்; தன் வீட்டு அரிசியை எத்தனை வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

"பாவம்டி பசிலிசா. அவ பானையில என்ன இருக்கு? இத்தனை பேரு போய் உக்காந்தா, கடல் தண்ணியவா மொண்டு குடுப்பா?" என்றாள் செவேரா.

"நாம ஆளுக்குக் கொஞ்சம் சோறு கொண்டு போவோமேக்கா," என்றாள் பசிலிசாவின் அடுத்த வீட்டுக்காரியான நெனித்தா.

"நல்லாருக்குடி! விருந்துக்குப் போற வீட்டுக்குச் சோத்தைக் கட்டிக்கிட்டுப் போனா, அது அவ மூஞ்சியில அறையிற மாதிரி. பேசாம அவ வீட்டைத் தாண்டி உன் வீட்டுக்குக் கொண்டுவந்துருவோம்."

"அவகிட்ட ஒரு வார்த்தை?"

"என்னன்னு சொல்ல? நீ இல்லாதவ, அதான் வரலேன்னா? எனக்கு வாய் கூசுதுடி. நீ சொல்றியா?"

நெனித்தாவும் சொல்லவில்லை. இரக்கம் ஒருபுறமும் கூச்சம் மறுபுறமும் இழுக்க, நல்லவர்கள் கூடி ஒரு கொடுமையைச் செய்து முடித்தார்கள். அட, கெட்டவர்கள் செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டவாவது முடியும்!

பாட்டொலி நெருங்கக் கேட்டு வாயிற்படியில் வந்து மண்டியிட்ட பசிலிசாவின் கண்முன்னே, மெழுகுதிரிகள் வந்தன. மலர் சூடிய அன்னை வந்தாள். வந்தவள் நில்லாமல் அடுத்த வாயிலுக்குப் போனாள். செவேரா தலை குனிந்து, பாட்டை மட்டும் உரக்கப் பாடினாள். பசிலிசா எழுந்து சன்னல் விளக்கை ஊதி அணைத்தாள்.

மறுநாள் காலையில் அவள் நெனித்தா வீட்டு வாயிலில் வந்து நின்றாள். உள்ளே செவேரா அன்னைக்கு மலர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் வீடு மாதாவுக்குத் தெரியலையா, உங்களுக்குத் தெரியலையா?"

"கோவிச்சுக்காதம்மா. உன்னைச் சிரமப்படுத்த வேணாம்னுதான்..."

"என் சிரமத்த நான் பட்டுக்கிறேன். அந்த மனுசன் உடம்பு எங்க கிடக்குன்னு கேக்க எனக்கு ஒரே ஒரு ராத்திரி வேணும். அதையும் புடுங்கிக்கிட்டா எப்படிக்கா?"

செவேராவின் கண்கள் நிறைந்தன. "தப்புதான்டி, தப்புதான். இன்னிக்குச் சாயங்காலமே கொண்டாறேன். ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடு, போதும்."

"தண்ணியா? வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்ப, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சொல்லி, பல நாளுக்குப் பின் சிரித்தபடி பசிலிசா கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள்.

நீர் வற்றும் வேளை அது. கரையோரப் பாறைகளில் ஒட்டிய சிப்பிகளைப் பசித்த ஊரார் முன்னரே பெயர்த்துத் தீர்த்திருந்தமையால், அவள் இடுப்பளவு நீரில் இறங்கி, அலை உடையும் வெளிப்பாறைக்குப் போனாள். அங்கே சிப்பிகள் மண்டிக் கிடந்தன. ஊருக்கே போதுமான விருந்து கிடைத்துவிட்ட களிப்பில், நீர் திரும்பி ஏறியதை அவள் தாமதமாகவே உணர்ந்தாள் போலும். பாறைக்கு அப்பால் வலைவீசியவர்கள் நண்பகலில் அவளை எடுத்துவந்தபோது, சிப்பி நிறைந்து வாய் கட்டிய கூடை அவள் இடுப்பிலேயே இருந்தது. அவிழ்த்து எறிந்திருந்தால் நீந்திப் பிழைத்திருப்பாள் என்றார்கள் அவர்கள்.

சொன்ன சொல் தவறாமல் அன்றந்தி அன்னை அவள் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் ஒவ்வொருவரும் மடியில் அரிசி கொண்டுவந்தனர். சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் ஊரில் இழிவன்று. செபம் முடிந்தது. செவேரா அவ்வீட்டு அடுப்பை மூட்டி, அந்தக் கூடைச் சிப்பிகளை ஆக்கி, வாழையிலைத் துண்டுகளில் தன் கையாலேயே பரிமாறினாள்.

"என்னால முடியலக்கா. தொண்டையில இறங்க மாட்டேங்குது," என்று விம்மினாள் நெனித்தா.

"இறங்கலேன்னா அழுதுகிட்டே தின்னுடி. அவ விருந்த வேணாம்னு இன்னொரு தடவ சொல்லிராத."

அனைவரும் உண்டனர். பிணத்தை ஒரு நொடியும் தனியே விடாமல் விடிய விடியச் சுற்றி அமர்ந்திருப்பதே எங்கள் வழக்கம். ஆயினும் செவேரா எழுந்து, "எல்லாரும் வெளிய வாங்க. ஒரு ராத்திரிதான் கேட்டா அவ. குடுத்துருவோம்," என்றாள். மறுப்பார் இல்லை. அணைந்த சன்னல் விளக்கை மீண்டும் ஏற்றிவைத்து, கதவைச் சாத்தி, ஊர் முழுதும் மணலில் அமர்ந்தது. உள்ளே வெண்முக்காட்டின்மேல் அன்னையும், அவள் காலடியில் பசிலிசாவும் மட்டும் இருந்தனர்.

கிரினோவின் உடலைக் கடல் இன்றுவரை தரவில்லை. அன்பரே, இல்லார்க்கு ஈவது அறம் என்பதை எங்கள் ஊரில் அறியாதார் இல்லை. இல்லார் ஈவதை அவர் வாயிலில் அமர்ந்து, அவர் கையால் வாங்கி உண்பதும் அறமே என்பதை மட்டும் நாங்கள் அறியாதிருந்தோம். இப்போது அறிவோம். செபமாலைத் திங்கள்தோறும் அன்னை அந்த ஆளில்லா வீட்டிலும் ஓர் இரவு தங்குகிறாள். அவ்விரவில் செவேரா வெளிப்பாறைச் சிப்பியை ஆக்கிவைக்க, ஊரே உண்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிறது.