இரண்டு முறை கூப்பிட்ட பிறகு

அந்த வீட்டில் குழந்தையைக்கூட யாரும் சும்மா கைமாற்ற முடியாது. கொடுப்பவர் "உங்க கன்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் "என் கன்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் கொடுத்தவர் கையை எடுக்கக் கூடாது. விமானிகள் விமானத்தைக் கைமாற்றும் முறை அது. மாமனாரும் விமானி, மாப்பிள்ளையும் விமானி என்று ஆனபின், ஏழு மாதப் பேத்தி அப்படித்தான் மடிக்கு மடி பறந்துகொண்டிருந்தாள்.

வம்பு சட்டத்தால் வந்தது. அறுபத்தைந்து முடிந்தவர் பயணிகள் விமானம் ஓட்டக் கூடாது. அதை அறுபத்தேழாக்க ஒரு மசோதா வந்திருந்தது. மாமனார் கேப்டன். அவருக்கு வருகிற வியாழக்கிழமை அறுபத்தைந்து நிறைகிறது. அதற்குள் மசோதா தேறினால் இன்னும் இரண்டு வருடம் வானம் அவருடையது. தேறாவிட்டால் கேப்டன் உட்காரும் அந்த இடது இருக்கை காலி. பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்த பெயர், வேறு யார், மாப்பிள்ளைதான். துணை விமானியாகவே பதினோரு வருடம் இலவு காத்த கிளி.

ஆகவே சாப்பாட்டு மேசையில் தினமும் சட்டசபை கூடியது. என் இதயத்துடிப்பைக் கேட்டு டாக்டரே பொறாமைப்பட்டார் என்பார் கேப்டன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி, மரியாதைக்குக் குறைவில்லாமல், டாக்டர் கேட்டது அன்றைய துடிப்பைத்தானே, நடுவானில் மயங்கினால் என்ன செய்வது என்பார். மயக்கம் பிறந்த தேதியைப் பார்த்தா வருகிறது என்று கேப்டன் திருப்புவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதால் மகள் குழந்தைக்குப் பசி என்று சொல்லி எழுந்துவிடுவாள். பாவம், அந்தக் குழந்தைக்கு அவ்வளவு பசி கிடையாது.

கேப்டனின் மனைவி பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் ஒரே ஒருநாள்தான் வாயைத் திறந்தார்.

"என்னை அறுபதுல அனுப்பினாங்க. பூச்செண்டு கொடுத்தாங்க, கை தட்டினாங்க, வந்துட்டேன். அன்னிக்கு இந்த வீட்ல யாரும் மசோதா கொண்டு வரல."

அன்றைக்குத் தான் என்ன சொன்னோம் என்று கேப்டன் யோசித்துப் பார்த்தார். "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொன்னதாக ஞாபகம். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மசோதா மூன்றே ஓட்டில் தோற்றது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வருத்தமா இருக்கு மாமா என்றார். அதுதான் கேப்டனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

புதன்கிழமை பகல், கடைசிப் பயணம். பணிப் பட்டியல் போடுகிறவர் புண்ணியம் சேர்ப்பதாக நினைத்து மாப்பிள்ளையையே பக்கத்தில் போட்டிருந்தார். வீட்டில் மாமனார் மாப்பிள்ளைக்கு மரியாதை தர வேண்டும், விமானத்தில் மாப்பிள்ளை கேப்டனுக்குத் தர வேண்டும். இரண்டு மரியாதையும் சேர்ந்து மூன்று மணி நேரம் அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டியது.

ஓய்வு பெறுகிறவர் கடைசியாக ஒருமுறை தரையிறக்குவது வழக்கம். கேப்டனுக்கும் அந்த ஆசை தொண்டைவரை இருந்தது. ஆனால் தோற்றவன் ஆறுதல் பிச்சை வாங்குவதாவது என்ற வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. இறங்கத் தொடங்கும் முன் அவர் சொன்னார்:

"உங்க கன்ட்ரோல்."

பதில் இல்லை. மாப்பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கன்ட்ரோல்."

அதற்கும் பதில் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால், பக்கத்து இருக்கைக்காரர் மயங்கிவிட்டார் என்று கொண்டு, கூப்பிட்டவரே விமானத்தை ஓட்ட வேண்டும். இது விதி. கேப்டன் திரும்பிப் பார்த்தார். மயங்கியவர் கல்லுளிமங்கன் மாதிரி பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, மயங்கிட்டீங்களா?"

"ஆமா கேப்டன். இறங்கற வரைக்கும் தெளியாது."

கேப்டனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முன்னதை வெளியே விட்டார், பின்னதை விழுங்கினார். விமானத்தை அவரே இறக்கினார். பிரமாதம் என்று சொல்ல முடியாது, சக்கரம் பட்டபோது லேசாகக் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் மாப்பிள்ளைக்கு மயக்கம் தெளிந்துவிட்டது.

வெளியே வரும் வழியில் மனைவி பேத்தியுடன் நின்றிருந்தார். கையில் பூச்செண்டு இல்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

மனைவி பேத்தியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டு வருஷம் காதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சுது," என்றார். "நீங்க கேக்கவே இல்ல."

கேப்டனுக்குத் தலை நிமிரவில்லை. மனைவி பேத்தியை அவர் கைகளில் வைத்தார்.

"உங்க கன்ட்ரோல்."

அவருக்குக் குரல் வர நேரமாயிற்று. இரண்டாவது முறை கூப்பிடாமல், கையையும் எடுக்காமல், மனைவி காத்திருந்தார்.