இருவருக்கும் இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் கிட்டுசாமி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். கிட்டுசாமி, சாய்ந்தால் காலைத் தூக்கிவிடும் தோல் நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மரகதம் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டு, பேச்சில் ஒரு காதும் அடுப்பில் ஒரு கண்ணுமாக இருந்தார். டாக்டர் ஜம்புநாதன் நீள சோஃபாவின் நடுவில், வேறு யாரும் உட்கார முடியாதபடி இரண்டு கைகளையும் விரித்துப் போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் பவானியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சேனாபதி, தரையில் கார்ப்பெட் மேல். எழிலரசி ஜன்னலோரம் பியானோ ஸ்டூலில். முதுகு சாய்க்க இடமில்லாத அந்த ஸ்டூலை அவளாகத்தான் தேர்ந்தெடுத்தாள். எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல.

"அம்மிணி, நீ எக்கனாமிஸ்ட். நான் வெறும் பைப் இன்ஜினியர்," என்று எழிலரசியிடம் ஆரம்பித்தார் கிட்டுசாமி. "நான் எழுதினா சண்டைக்குப் போற மாதிரி இருக்கும். நீ எழுதினா கவுன்சில்காரன் படிப்பான். ஒரே ஒரு லெட்டர். அவ்வளவுதான்."

நகர சபை ஒரு புது விதி கொண்டுவரப் பார்த்தது. வாடகைக் குடியிருப்பு வைத்திருப்பவர்கள் காலி வீடுகளை வாராவாரம் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். முதலில் கேட்டவருக்கே முதலில் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்துத்தான் கடிதம். ஹூஸ்டனின் தென்மேற்கில் கிட்டுசாமிக்கு ஒரு குடியிருப்பு இருந்தது. அவருடைய ஊர் ஆற்றின் பெயரில் 'நொய்யல் மேனர்'. அந்தப் பக்கத்து அமெரிக்கர்கள் அதை நோயெல், அதாவது கிறிஸ்துமஸ், என்று படித்து, பெரிய பக்தர் என்று அவரை மெச்சிக்கொண்டார்கள். ஜம்புநாதனுக்கு அதில் கால் பங்கு.

"உன் ஸ்டடியே நமக்கு சப்போர்ட்தானேம்மா," என்றார் ஜம்புநாதன். "பேப்பர்ல போட்டிருந்தானே. மூணுல ஒரு இடத்துல பிளாக், வொய்ட் ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் ட்ரீட் பண்றாங்கன்னு. அத கோட் பண்ணு, முடிஞ்சு போச்சு."

எழிலரசியின் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

அந்த ஆய்வு அவளுடையது. இரண்டு வருட உழைப்பு. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம் சொல்லிக்கொண்டு ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரே நாளில், தனித்தனியாக, ஒரே குடியிருப்பில் போய் வீடு கேட்பார்கள். வெள்ளைக்காரிக்கு 'உண்டு', கறுப்பினப் பெண்ணுக்கு 'இல்லை' என்றால் அது பாகுபாடு. இருவருக்கும் உண்டு என்றாலும், இருவருக்கும் இல்லை என்றாலும் அது சமமான நடத்தை. சட்டப்படி ஆய்வில் குடியிருப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதினேழாம் எண்ணில் நான்கு முறை கேட்டும் நான்கு முறையும் இருவருக்கும் இல்லை. அதனால் பதினேழு 'சமம்' என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்தது. எந்த எண் எந்தக் குடியிருப்பு என்ற பட்டியலை எழிலரசி திறந்து பார்த்தது போன வியாழக்கிழமை. பதினேழு, நொய்யல் மேனர்.

திறக்க வைத்தவள் லொரெய்ன். கள வேலையை மேற்பார்த்தவள், எழிலரசிக்கு ஐந்து வயது மூத்தவள், கறுப்பினத்தவள். ஆள் குறைந்த நாளில் தானே போய் அங்கே வீடு கேட்டிருந்தாள். "அது நிறைஞ்ச இடம் இல்ல எழில்," என்றாள். "ரெண்டு ஜன்னல்ல திரையே இல்ல. நான் வெளிய வர்றப்போ சூட்கேஸோட ஒரு பையன் உள்ள போறான். டெஸ்டுக்காக மட்டும் நான் கேட்கலைன்னு வச்சுக்கோ. அம்மாவுக்கு டயாலிசிஸ் பண்ற சென்டர் ரோட்டுக்கு அந்தப் பக்கம். எனக்கு நிஜமாவே அந்த வீடு வேணும்."

திரையில்லாத ஜன்னல்கள் யாருக்காக என்று எழிலரசிக்குத் தெரியும். கிட்டுசாமி எப்போதும் ஓரிரண்டு வீடுகளைக் காலியாகவே வைத்திருப்பார். உள்ளே ஒரு மெத்தை, அரிசி குக்கர், தட்டு, டம்ளர். ஊரிலிருந்து யாராவது ஏர்போர்ட்டில் இறங்கி போன் செய்தால் சாவி தயார். ஏழு வருடத்துக்கு முன் பிஎச்.டி. படிக்கத் தாராபுரத்திலிருந்து அவள் வந்து இறங்கியபோது, தயிர்சாதத்தோடு ஏர்போர்ட்டில் நின்றவர் இதே கிட்டுசாமி. கிரெடிட் ரிப்போர்ட் கேட்கவில்லை, சம்பளச் சீட்டு கேட்கவில்லை. எந்த ஊர், எந்த வீதி, யார் வீட்டுப் பெண் என்று மட்டும் கேட்டார். அவள் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அங்கிள்," என்றாள் எழிலரசி. "ஒரு கறுப்பர் வந்து வீடு கேட்டா என்னங்க சொல்வீங்க?"

"காலி இல்லைன்னு சொல்லுவேன்."

"வெள்ளைக்காரர் கேட்டா?"

"அவனுக்கும் காலி இல்லைன்னுதான் சொல்லுவேன்!" கிட்டுசாமி மார்பை நிமிர்த்தினார். "போன வருஷம் ஒரு பாதிரியாரே வந்தாரு. அவருக்கே இல்லைன்னுட்டேன். என்கிட்ட அந்தப் பேதமெல்லாம் கிடையாது அம்மிணி."

"கிட்டுவோட ஈக்வாலிட்டியே தனி," என்று ஜம்புநாதன் சிரித்தார். "எல்லாருக்கும் சமமா கதவைச் சாத்துவாரு."

"பின்ன என்னங்க டாக்டர்? நாளைக்கு ஈரோட்டுல இருந்து ஒரு பையன் வந்து எறங்குவான். ரெண்டாயிரம் வருஷம் வந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போகுமாம், அத ரிப்பேர் பண்ண நம்ம பசங்கதான் வேணுமாம். அவனுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி ஏது? எவன் குடுப்பான் வீடு? நாமதான் வெச்சிருக்கோணும். இது உதவி. இதப் போயி பாகுபாடுங்கறான்."

அதுவரை கார்ப்பெட் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்த சேனாபதி தலையைத் தூக்கினான். "அங்கிள், என்கூட வேலை பாக்கறவன் ஒருத்தன், போன மாசம் உங்களுக்கு போன் பண்ணினானுங்க. மோட்டல்லயே இருக்கான் இன்னும். நீங்க காலி இல்லைன்னுட்டீங்களாம்."

"யாரு? எந்த ஊரு?"

"ஊரு பவானிதானுங்க. எங்க ஊரேதான்." சேனாபதி மறுபடி கார்ப்பெட்டைப் பார்த்தான். "வீதிதான் வேற."

ஜம்புநாதன் சோஃபாவில் விரித்திருந்த ஒரு கையை மடக்கிக்கொண்டார். மரகதம் எழுந்தார்.

"பாயசம் ஆறுது," என்றார். "எழில், வா, கிண்ணம் எடுத்துக் குடு."

சமையலறையில் எழிலரசியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கிண்ணங்களை எடுத்து வைத்தாள், கரண்டிகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். மரகதம் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். "அவருக்கு மனசுல ஒண்ணும் இல்ல கண்ணு. கேட்டுக் கேட்டுப் பழகிட்டாரு, அவ்வளவுதான். நீ அந்த லெட்டர எழுதிக் குடுத்துரு."

பாயசத்தோடு கூடத்துக்குத் திரும்பியபோது அவளுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாயிலும் வந்துவிட்டது. "அங்கிள், எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. என்கூட வேலை பண்றவங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அவங்களுக்கு ஒரு வீடு வேணுங்க."

"உனக்குத் தெரிஞ்சவங்கன்னா அப்பீலே இல்ல! யாரு, எந்த ஊரு?"

"ஹூஸ்டன்தானுங்க. லொரெய்ன்னு பேரு."

கிட்டுசாமி ஒரு வாய் பாயசம் குடித்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை. "உனக்காகக் குடுக்கறேன் அம்மிணி," என்றார் மனதாரவே. "புதன்கிழமை வந்து சாவி வாங்கிக்கட்டும். அந்த ஈரோட்டுப் பையன நானு இங்க வீட்டுலயே வெச்சுக்கறேன். நீ லெட்டர மட்டும் மறந்துறாத. கவுன்சிலுக்கு அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி."

திரும்பி வரும் வழியில் சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயில் அவள் தன் வெளியேறும் வழியைத் தவற விட்டாள். அடுத்ததில் இறங்கித் திரும்பாமல், பேசாமல் நகரத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றினாள். என்ன கெட்டுப்போயிற்று? லொரெய்னுக்கு வீடு கிடைத்துவிட்டது. பதினேழு அதன் கட்டத்திலேயே இருக்கட்டும். தவறான கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது, அவளே வகுத்த முறை. கிட்டுசாமி கேட்ட கடிதத்தைக்கூட எழுத வேண்டாம், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சும்மா இருந்தாலே போதும். ஆனால் சும்மா இருந்தால், மூன்றில் ஒரு பங்கு என்ற அவளுடைய எண்ணை வைத்துத்தான் அந்த விதியைத் தோற்கடிப்பார்கள். அந்த ஒரு பங்கில் இன்னும் எத்தனை பதினேழு இருக்கிறது? இத்தாலியனுக்கென்று ஒன்று, வியட்நாம்காரனுக்கென்று ஒன்று, ஒரே சர்ச்சுக்காரனுக்கென்று ஒன்று. வாசலில் வந்து நிற்கும் இருவருக்கும் இல்லை. வாசலுக்கே வராமல் போன் செய்பவனுக்கு உண்டு. அவள் இரண்டு பேரை மட்டும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது ஆள் இருப்பதையே மறந்துவிட்டாள். அந்த மூன்றாவது ஆளாகவே வந்து இறங்கியவளுக்கு அது எப்படி மறந்தது?

திங்கட்கிழமை லொரெய்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லொரெய்ன் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆக, உன்னைத் தெரியும்கிறதால எனக்கு வீடு."

"ஆமா."

"எனக்கு அப்புறம் வர்றவளுக்கு உன்னைத் தெரியாதே. அவ என்ன பண்ணுவா?"

எழிலரசி தன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத," என்றாள் லொரெய்ன். "நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்தியா? நல்ல கதையா இருக்கே. எங்க அம்மா வாரத்துக்கு மூணு நாள் ரெண்டு பஸ் மாறிப் போறா. சாவிய நான் வாங்கிக்கறேன். உன் கட்டுரைய நீ பாத்துக்கோ. அதுக்கு என்கிட்ட பர்மிஷன் கேக்காத."

புதன்கிழமை நொய்யல் மேனரில் கிட்டுசாமியே கதவைத் திறந்துவிட்டார். குளியலறைக் குழாயைத் திறந்து காட்டினார், அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். அலமாரியிலிருந்த அரிசி குக்கரை எடுத்துப் போகக் கை வைத்தவரிடம் லொரெய்ன், "அது இருக்கட்டுமே, எங்க வீட்டுலயும் அரிசிதான்," என்றாள். கிட்டுசாமிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "உங்க மதர் வந்தா சொல்லுங்க, பாத்ரூம்ல ஒரு கைப்பிடி மாட்டித் தர்றேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஜூன் மாத வெயில் தாரைக் குழைத்துக்கொண்டிருந்தது. கிட்டுசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "லெட்டர் ரெடியா அம்மிணி?"

"எழுதிட்டிருக்கேனுங்க அங்கிள். ஆனா நீங்க கேட்ட லெட்டர் இல்லீங்க."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"என் கணக்கு தப்புன்னு எழுதறேன். இருவருக்கும் இல்லைன்னு சொன்ன இடமெல்லாம் சமம்னு போட்டது தப்பு. அந்த விதி வேணும்னு எழுதறேன்."

"எங்கள இழுக்கறியா?"

"பேரு, நம்பர் எதுவும் இருக்காதுங்க. அது சட்டம், போடவே கூடாது. ஆனா எனக்கே இந்த ஊருல மொத வீடு எப்படிக் கெடச்சதுன்னு எழுதறேன். அத மறைச்சுட்டு, ஏதோ ஆராய்ச்சியில கண்டுபிடிச்ச மாதிரி எழுத முடியாதுங்க."

"பேரு வேறயா வேணும்?" கிட்டுசாமியின் குரல் இறங்கியது. "நீ யாரு வீட்டுல வந்து எறங்குனன்னு இந்த ஊருல தெரியாத தமிழன் இருக்கானா? ஏர்போர்ட்டுக்கு வந்து உன்னக் கூட்டிட்டு வந்தது குத்தமா?"

"குத்தம் இல்லீங்க. நீங்க வரலைன்னா நான் அன்னிக்கு எங்க போயிருப்பேன்? அதையும்தான் எழுதறேன்."

"இருக்கறவனுக்குப் பத்து கதவு இருக்குது இந்த நாட்டுல. நமக்கு இருந்தது ஒண்ணு. அதையும் தொறந்து வெய்யிங்கற."

"லொரெய்னுக்கு எத்தனை கதவு இருந்துச்சுங்க அங்கிள்?"

அவர் மாடி ஜன்னலைப் பார்த்தார். லொரெய்ன் அளவு நாடாவோடு திரைக்கு அளந்துகொண்டிருந்தாள். "அந்தம்மா வீட்டுல ஒரு மாத்தமும் இல்ல," என்றார். "குடுத்த சாவியத் திருப்பிக் கேக்கறவன் இல்ல கிட்டுசாமி." கார்க் கதவைத் திறந்தார். ஏழு வருடத்தில் எந்தச் சந்திப்பும் 'வீட்டுக்கு வந்து சாப்புட்டுப் போ' என்று அவர் சொல்லாமல் முடிந்ததில்லை. அன்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். எதையும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது அவள் பழக்கம். மஞ்சள் தாளில் பத்தி பத்தியாக எழுதி, அடித்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவாள். முதல் பத்தியில் தவறு என்ன என்பது. இரண்டாவதில் புதிய கணக்கு: மூன்றில் ஒரு பங்கைச் சமம் என்று இனி சொல்ல முடியாது, எவ்வளவு என்று இப்போதைக்குத் தெரியாது. 'தெரியாது' என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு எழுதுவது தன் வேலைக்கே உலை வைக்குமோ என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். மூன்றாவது பத்தியில் ஏழு வருடத்துக்கு முந்தைய ஏர்போர்ட். 'என்னிடம் கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள். வேறு பதில் சொல்லியிருந்தால் எனக்கும் காலி இல்லை' என்று எழுதினாள். பவானியிலேயே வேறு வீதியில் பிறந்த, இன்னும் மோட்டலில் தங்கியிருக்கும், முகம் தெரியாத அவனை நினைத்துக்கொண்டாள். அவனைக் கடிதத்தில் சேர்க்க அவளுக்கு உரிமை இல்லை, ஆனால் அந்த வரி அவனால் வந்தது.

நடுவில் இரண்டு தடவை போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மரகதத்தின் குரல் பதிவாகிக்கொண்டிருந்தது. "எழில், இருக்கியா? அவரு நேத்துல இருந்து பேசவே இல்ல. நீ போட்டுட்டியா அந்த லெட்டர? போடலைன்னா..." பின்னால் குக்கர் விசிலடித்தது. "போடலைன்னா எனக்கு போன் பண்ணு. போட்டுட்டாலும் பண்ணு."

ஆங்கிலப் பிரதியை அச்செடுத்து, கையெழுத்திட்டு, மூன்றாக மடித்தாள். மடிப்பு கோணலாகிவிட்டது, பிரித்து மறுபடி மடித்தாள். உறையில் நகர சபைக் குழுவின் முகவரியை எழுதி, தபால் நிலையத்துக்கு ஓட்டிப் போனாள். அங்கே வெள்ளிக்கிழமையே போய்ச் சேரும் அவசரத் தபாலுக்குப் பணம் கட்டினாள். கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்து, "ஒட்டலையே," என்றார்.

எழிலரசி ஓரத்தை நாக்கில் நனைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்தாள். அவர் அதை வாங்கி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த தள்ளுவண்டிப் பையில் போட்டார்.