மவுத் ஆர்கனுக்கு விட்ட இடம்

பரமட்டா பப்பின் பின்முற்றத்தில் டிலுக்சன் அடுத்த பாட்டுக்குக் கிட்டாரில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய அம்மா பேர்ள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவை அப்படியே கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் தானே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளைச் சந்தைகளிலும் கஃபே மூலைகளிலும் பல வருடங்களாகப் பாடிவருகிறான் டிலுக்சன். ஞாயிறுதோறும் கிடைக்கும் மேடை இது ஒன்றுதான். இன்றும் ஆட்கள் நின்று கேட்காவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து வினாடிவினா வைக்கப்போவதாக மேலாளர் மேகன் சொல்லியிருந்தாள். "ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா" என்று அவன் கேட்டது மச்சான்மாரை நினைத்து.

அப்பா கிறிஸ்துநாயகம் மேசையின் கோடியில் பியரோடு அமர்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்தார். டிலுக்சன் தொடங்கிய பாட்டு, மெல்பேர்னிலிருந்து இரவெல்லாம் மீன் லொறி ஓட்டிவரும் ஒருவனைப் பற்றியது. முதல் சரணம் "ஹோம் பை மாஸ்" என்று முடிந்தது, பூசைக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று. அதற்குப் பிறகு மவுத் ஆர்கன் வாசிக்கச் சிறிது இடம் விட்டிருந்தான்.

இவர்கள் ஊரான மன்னார்க் கோயில்களில் தவக்காலப் பாட்டை ஒருவர் பாடி நிறுத்தினால், கடைசிச் சொற்களைச் சனம் வாங்கிப் பாடும். அவன் உதடு மவுத் ஆர்கனைத் தொடுமுன்னே பாடகர் குழு அன்ரிமார் வாங்கிவிட்டார்கள். "ஹோம் பை மாஸ்" பெரிய வெள்ளிக்கிழமை இழுவையில் முற்றம் முழுக்க நீண்டது. போனில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"பேர்ள், இது கோயில் இல்லையப்பா" என்றார் கிறிஸ்துநாயகம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் இடம் விட்டவன். நாங்கள் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது?"

"சுருதி கூடிப்போச்சு" என்றார் லிண்டா அன்ரி. "தம்பி, கொஞ்சம் இறக்கும்."

டிலுக்சனுக்குச் சிரிப்பு வந்தது. சுருதியை இறக்கிக்கொண்டு இரண்டாவது சரணத்தைத் தொடங்கினான். லொறிக்காரன் வழியில் யாஸ் என்ற ஊரில் நிறுத்தி, இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பையை ஊதி ஊதித் தின்றான். கிறிஸ்துநாயகம் டிவியிலிருந்து திரும்பினார்.

"நான் லொறியோடை யாஸிலை நிண்டது இவனுக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும்" என்றாள் பேர்ள்.

காலிக் கிளாஸ்களை எடுக்க வந்த மேகன் தட்டத்தை வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். டிலுக்சன் மவுத் ஆர்கனைக் கழுத்திலிருந்து கழற்றிக் காலடியில் வைத்தான். கடைசிச் சரணம் முடிந்தது. அன்ரிமார் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால், தாளத்துக்கும் முன்னால், மேசைக் கோடியிலிருந்து அப்பாவின் கரகரத்த குரல் கிளம்பியது: "ஹோம் பை மாஸ்."