அம்புக்காரியின் புதன்கிழமை

சட்டையை மேசைமேல் விரித்தாள். காலரை மடக்கிப் பார்த்து, கையைத் திருப்பி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகத் தள்ளினாள். அடுத்த சட்டை. செக்கிங் வேலை முழுக்க நின்றபடிதான். பதினோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயரே அம்புக்காரி.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கண் ஓய்ந்தபாடில்லை. சுவரில் விரிசல், கணவன் சட்டையில் பட்டன் கோணல், கடைசியில் கண்ணாடியில் பார்த்தால் தன் முகத்திலேயே நூறு குறை. சோறு இறங்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் லாரி ஓட்டும் கணவன்தான் லீவு போட்டு, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனான். மாத்திரையோடு, புதன்கிழமை மூன்றிலிருந்து ஐந்துவரை படம் வரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்தார்கள்.

"படம் வரைஞ்சா சரியாயிடுமாம்."

"ஆகட்டுமே. என்னைத் திட்டுறத விட்டுட்டுக் கொஞ்ச நாள் பேப்பரத் திட்டு," என்றான் அவன்.

முதல் நாள் கணவனின் லாரியைத்தான் வரைந்தாள். முடித்ததும் கை தன்னால் பைக்குள் போயிற்று. நர்ஸ் வந்து பார்த்தபோது லாரிமேல் ஒன்பது அம்புகள்.

"யாரும்மா இத ரிஜெக்ட் பண்ணது?"

"நான்தான் சிஸ்டர். சக்கரம் ரெண்டும் ஒரே அளவு இல்ல. இங்க கலர் வெளிய வந்துருச்சு. இது போகாது."

"இது எங்கம்மா போகணும்?"

யோசித்துப் பார்த்தாள். எங்கேயும் போக வேண்டியதில்லைதான். பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. பக்கத்தில் பறவை வரைந்துகொண்டிருந்த ரிட்டயர்டு கண்டக்டரும், விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அம்புகளை ஒவ்வொன்றாக அவளே உரித்தாள்.

அன்றிலிருந்து புதன்கிழமைதான் அவளுக்கு வாரத்தின் தலைநாள். விடியற்காலையிலேயே கம்பெனிக்கு வந்து, சாப்பாட்டு நேரத்திலும் சட்டை பார்த்து, இரண்டரை மணிக்குள் அன்றைய எண்ணிக்கையை முடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். ஒரே ஒரு வாரம் சரக்கு அவசரமென்று சூப்பர்வைசர் விடவில்லை. நான்கு நாள் வாய்க்குள் எதுவும் போகவில்லை. "என்ன வேணா செய்யிறேன் சார், அந்த ரெண்டு மணி நேரத்த மட்டும் எடுத்துடாதீங்க," என்று அவரிடம் நேராகவே சொன்னாள். அவர் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுத்தார். நல்ல செக்கர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

மூன்றாம் மாதம், வகுப்பில் தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை வரைந்தாள். ஒரு கால் கொஞ்சம் கோணல். அப்படியே விட்டுவிட்டாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கணவன் அந்த நாற்காலிப் படத்தைப் போனில் பிடித்து, பார்ப்பவரிடமெல்லாம் நீட்டினான். அது கைமாறிக் கைமாறி கம்பெனி மேனேஜர் வரைக்கும் போயிற்று. படத்தை வாங்கிச் சட்டம் போட்டு கம்பெனி முன்வாசல் ஹாலில் மாட்டினார்கள். கீழே ஓர் அட்டை: 'எங்கள் தொழிலாளர்களின் மனநலம் எங்கள் பொறுப்பு.'

"ஆர்டர் குடுக்குறவங்க பாக்க வர்றாங்க. புதன்கிழமை மூணு மணி. நீங்க படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்மா," என்றார் சூப்பர்வைசர்.

"சார், புதன்கிழமை..."

"ஒரு நாள்தானே. வரைஞ்சவங்களே இல்லேன்னா எப்படி?"

அந்தப் புதன்கிழமை ஹாலில், சட்டத்தின் கண்ணாடிக்குள் தன் படத்தைப் பார்த்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. தையல் லைன் பெண்கள் இந்த ஹாலுக்குள் வந்ததில்லை; அவர்களுக்குப் பின்வாசல். எல்லாவற்றையும் பார்த்துவைத்துப் போய்ச் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டாள். விருந்தாளிகள் வந்தபோது மணி நாலரை. அவர்களில் ஓர் அம்மா படத்தருகே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பாத்தாலே உக்காரணும்போல இருக்கு," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

"அசத்திட்டீங்க," என்று சூப்பர்வைசர் அவள் காதருகே சொன்னார். "அடுத்த புதன் இன்னொரு பார்ட்டி வருது. அதுக்கடுத்ததும் புதன்தான். நீங்களே நின்னுடுங்க."

விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர்கள் எழுந்திருக்கும்வரை, விடியற்காலையிலிருந்து நின்ற கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, நாற்காலிப் படத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள்.