அமலேந்து குஹாவின் நாலாயிரம் பேர்

அமலேந்து குஹாவின் நெஞ்சுக்குள் நாலாயிரம் பேர் வசித்தார்கள். அத்தனை பேரும் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் ஆதரவாளர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில், கல்கத்தாவில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில், ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியான மோகன் பாகனை ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தது. ஐந்தாவது கோலுக்கு அமலேந்து வாய் பிளந்து கத்தியபோது சுற்றியிருந்த மைதானப் படிக்கட்டுகளில் நின்றவர்கள் அப்படியே உள்ளே வந்துவிட்டார்கள். அவருக்கு அப்போது இருபத்தொரு வயது. அடுத்த வருடம் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினார். என்ன கொண்டுவந்தீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்டதற்கு ஒரு சூட்கேஸ், ஒரு கம்பளி என்றார். நெஞ்சைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்கார்களைத் திருத்தும் பட்டறையில் வேலை செய்தார். வேலை நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டதில்லை. போட்டி நடக்கும் நாட்களில் மட்டும் விக்டோரியா பார்க் சந்திக்குக் கிட்ட இருந்த அவருடைய வீட்டு யன்னல்கள் அதிரும். அயலவர்கள் தொலைக்காட்சியென்று நினைத்துக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி நந்திதா மோகன் பாகன் வீட்டுப் பெண். அவளுடைய குடும்பம் ஏழு தலைமுறையாகக் கல்கத்தாவிலேயே இருந்தது. அமலேந்துவின் குடும்பம் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தது. வந்த இடத்தில் அவர்களைத் தங்களுடையவர்கள் என்று முதலில் சொன்னது ஈஸ்ட் பெங்கால் கழகம்தான். ஆகவே கலியாணத்திலேயே இரண்டு கட்சி. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவர் டான்போர்த் வீதிக் கடையில் உறைந்த இலிஷ் மீன் வாங்கிவந்து தானே பொரிப்பார். மோகன் பாகன் வென்றால் அவள் இறால் சமைப்பாள், அவர் பாணும் பட்டரும் சாப்பிடுவார். மற்றபடி நல்ல தம்பதி. இரவில் நந்திதா அவருடைய தோளில் தலை வைப்பாள், நெஞ்சில் வைப்பதில்லை. உன் ஆட்கள் என்னைப் பார்த்துக் கூ அடிக்கிறார்கள் என்பாள். அது உண்மைதான்.

கிறிஸ்ரினா அந்த வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், அமலேந்துவின் இடுப்பு எலும்பு முறிந்தபோது. அவள் மன்னார் பேசாலைக்காரி. வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பராமரிப்பது வேலை. பிக்கரிங்கிலிருந்து கோ என்ற புறநகர் ட்ரெயினில் வந்து டான்போர்த்தில் இறங்குவாள். மூன்றாம் நாள் அவருக்குச் சேர்ட் பொத்தான் பூட்டக் குனிந்தபோது உள்ளே கடல் இரைவது போலக் கேட்டது. கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடலைத் தெரியாதா? காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். விசில் கேட்டது, பிறகு ஆயிரம் தொண்டைகள். “அங்கிள், உள்ளுக்குச் சனம் நிக்கிது” என்று அவளையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் வெட்கப்பட்டார். சத்தம் தொந்தரவாக இருந்தால் சொல்லு, அடக்கி வைக்கிறேன் என்றார். பரவாயில்லை, மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான் என்றாள் கிறிஸ்ரினா. இடுப்பு சுகமான பிறகும் அவள் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஏப்ரலில் அவருடைய இதயத்தில் மூன்று குழாய்கள் அடைபட்டன. சத்திரசிகிச்சை மருத்துவர் கருவியை வைத்துக் கேட்டார், படத்தைப் பார்த்தார், ஆட்கள் இருக்கிறார்கள் என்று கோப்பில் எழுதிக்கொண்டார். இதயத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும். அவ்வளவு நேரம் அவர்கள் உள்ளே இருக்க முடியாது, வெளியே கலைந்தால் திரும்பி ஒன்றுசேர மாட்டார்கள் என்றார். அமலேந்து தன் உயிரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை, ஏற்கெனவே ஒரு தடவை ஊர் விட்டு வந்தவர்கள், ஏற்கெனவே ஒரு தடவை, என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நந்திதா அவருக்கு முன்னால் வந்து நின்று, “என்னிடம் கொடு, நான் வைத்திருக்கிறேன்” என்றாள். நாற்பத்துமூன்று வருடத்தில் அவள் அவர்களை ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்முறை. அவர் அவளை அணைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். ஒருவர்கூட நகரவில்லை. மோகன் பாகன்காரியின் நெஞ்சில் கால் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நந்திதா போய்க் கழுவின பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்ரினா வீட்டுக்குப் போய்த் தன் புருசன் பஸ்ரியனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“நாலாயிரம் பேரோ?” என்றான் பஸ்ரியன். “எத்தினை நாளைக்கு?”

“ஒரு நாள்தான். ஒப்பரேசன் முடியுமட்டும்.”

“உனக்கு மூச்சு முட்டாதோ?”

“அந்த மனுசனுக்கு அம்பது வருசமா முட்டேல்லையே.”

“அப்ப ட்ரெயினிலை போகாதை, நெரிசல். நான் லீவு போட்டுட்டுக் காரிலை கொண்டுபோறன்” என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மயக்க ஊசி போடுவதற்கு முன்னால், கிறிஸ்ரினா கட்டில் மேல் குனிந்து அமலேந்துவைக் கட்டிப்பிடித்தாள். அவர்கள் பஸ் மாறுவது போல ஏறினார்கள், முதியவர்கள் முதலில். அவளுக்குச் சட்டை இறுகியது, வேறொன்றுமில்லை. ஆனால் கதவு மூடி அரைமணி நேரத்தில் உள்ளே குழப்பம் தொடங்கியது. புது இடம், தெரியாத மொழி, எதிரே ஆட்டம் இல்லை. அவர்கள் வாசலைத் தேடி முட்டினார்கள். “அந்தரப்படாதையுங்கோ, அவர் வந்திடுவார்” என்று கிறிஸ்ரினா நெஞ்சைத் தடவித் தடவிச் சொன்னாள். அவர்களுக்கு விளங்கவில்லை. அவளுடைய உதடு நீலம் பாரித்தது. “அன்ரி, இவை வெளிக்கிடப் பாக்கினம்” என்று நந்திதாவின் கையைப் பிடித்தாள்.

நந்திதாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, கிறிஸ்ரினாவின் நெஞ்சுக்கு நேரே வாயை வைத்து, வங்காளத்தில் பேசத் தொடங்கினாள். அந்த ஐந்து கோல்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன் வாழ்நாளில் அவள் அவற்றைப் பற்றி வாய் திறந்ததில்லை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கோலுக்கு அப்பா தேநீரில் சீனி போட மறந்தார். இரண்டாவதற்குச் சித்தப்பா வானொலிதான் பிழை என்று அதைத் தட்டினார். மூன்றாவதற்கு அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா, மிச்சத்தை உரிக்கவா விடவா என்று கேட்டாள். நாலாவதற்கு அப்பா எழுந்து முகம் கழுவப் போனார். ஐந்தாவதற்கு அவள் மாடிக்கு ஓடி, காயப்போட்டிருந்த சேலைகளுக்கு நடுவே நின்று விக்கி விக்கி அழுதாள். அந்த நேரம் நீங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், எனக்கு மாடி வரை கேட்டது என்றாள்.

உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. பிறகு ஒருவன் என்னவோ கேட்டான். திரும்பச் சொல்லட்டாம் என்று நந்திதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திரும்பவும் முதல் கோலிலிருந்து சொன்னாள். மொத்தம் ஆறு தடவை. பஸ்ரியன் கோப்பி வாங்கிவந்து இருவருக்கும் கொடுத்தான். மாலை நாலு மணிக்கு அமலேந்துவின் இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கியது. ஏழு மணிக்குக் கிறிஸ்ரினா அவர் மேல் குனிந்தாள். போகும்போது அவர்கள் தள்ளுமுள்ளுப் படவில்லை.

அந்த ஒக்ரோபரில், ரொறன்ரோவில் காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில், மோகன் பாகன் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. நந்திதா இறால் வாங்கினாள். அமலேந்து பாணை எடுத்து வைத்தார். அப்போது அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கைதட்டல் கேட்டது, மரியாதைக்குத் தட்டுவது போல, மெதுவாக. அவருக்கே அது ஆச்சரியம். நந்திதா அகப்பையோடு வந்து, அவருடைய நெஞ்சில் காதை வைத்து, கறி அடிப்பிடிக்கும்வரை நின்றாள்.

கிறிஸ்ரினாவிடம் ஒருவர் தங்கிவிட்டார். மைதானப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி நிலக்கடலை விற்கும் கிழவர். அவர் அந்த நாலாயிரம் பேரின் கணக்கில் வராதவர், எந்தக் கழகத்தையும் சேர்ந்தவர் அல்ல. அதனால்தானோ என்னவோ, யாரும் அவரைத் தேடவில்லை. காலையில் அவள் தேநீர் போடும்போது கூவத் தொடங்குவார். முதல் நாள் பஸ்ரியன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“என்ன விக்கிறார்?”

“கச்சான்.”

“வறுத்ததோ, அவிச்சதோ?”

“வறுத்தது” என்று சொல்லிவிட்டு, கிறிஸ்ரினா கோட்டைப் போட்டுக்கொண்டு ட்ரெயினுக்குப் புறப்பட்டாள்.