வெளிநாட்டு மெஷினுக்கு வெளிநாட்டுக் கரண்ட்

குட்டைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது வெளிநாட்டு விடுதி அறையில் அண்ணி மட்டும்தான் கூட இருந்தாள். இருவரும் யாரைப் பார்க்க வந்தார்களோ, அந்த அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணியைவிட ஒரு முழம் உயரமான நாத்தனாருக்குக் குட்டை என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ!

"குறுக்கும் நெடுக்குமா நடக்காதீங்க அண்ணி. உங்களப் பாத்தே மூச்சு வாங்குது."

"பேசாம உக்காருடி."

அண்ணி பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். துணிகளோடு, மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினும் விழுந்தது. அண்ணன் முன்பு இருந்த வேறொரு நாட்டில் வாங்கியது. வீட்டில் அதை நேராகச் சுவரில் செருகமாட்டார்கள். கரண்டைப் பாதியாகக் குறைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று நடுவில் இருக்கும், செங்கல் கனம். விமான நிலையத்தில் எடை கூடிவிட்டதென்று, வழியனுப்ப வந்த தம்பி கையில் அதைத் திணித்தவள் அண்ணிதான்.

"வெளிநாட்டு மெஷின்தானேடா. வெளிநாட்டுக் கரண்ட்ல சும்மா ஓடும்."

குட்டையும் அன்று தலையாட்டினாள்.

தெருமுனையில் வாங்கிய மாற்றுப் பிளக்கு சுவரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணி சுவிட்சைத் தேடி மெஷினைப் புரட்டினாள். அடியில் 120 வோல்ட் என்றிருந்தது. என்னவோ உறுத்த, அறையிலிருந்த கெட்டிலையும் கவிழ்த்தாள். மிச்சத் தண்ணீர் மெத்தையில் கொட்டியது. அடியில் 230.

நம் வீட்டுக் கரண்டேதான்!

"போடுங்க அண்ணி... முடியல."

"போட்டா மெஷின் கருகிடும்டி!"

பிளக்கின் வடிவம் மாறினால் கரண்டா மாறிவிடும், கண்ணுகளா? அண்ணி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரவேற்பறைக்குப் போன் அடித்தாள். "மூச்சு... டாக்டர்... சீக்கிரம்!" அதற்குமேல் எந்த மொழியும் அவள் வாயில் வரவில்லை.

வரவேற்பறைப் பெண் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள். பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு அவள் தள்ள, குட்டையின் முதுகைத் தடவிக்கொண்டே அண்ணி கூட ஓடினாள். இழுப்புச் சத்தம் ஒரு கணம் நின்றால் அண்ணிக்கு உயிர் போயிற்று. மறுபடி கேட்டால் இன்னும் வேகமாக ஓடினாள்.

அங்கே குட்டைக்கு முகமூடி மாட்டினார்கள். வெள்ளை ஆவி எழுந்தது. அண்ணியால் உட்கார முடியவில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் அலைந்தாள். மூச்சுக்குத் தூக்கித் தூக்கிப் போட்ட குட்டையின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. குட்டை முகமூடியைத் தூக்கினாள்.

"அண்ணி, உங்க ஒரு கால்ல என் செருப்பு."

"முகமூடிய மாட்டுடி!" என்றவள், அப்போதுதான் உட்கார்ந்தாள்.