பகல் வெளிச்சம் என்று எழுதிய டியூப்லைட்

தெருவே தையலக்கா என்று கூப்பிடும் அவளுக்கு, வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருக்கும் பழைய டியூப்லைட்டுகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஊரில் ஆண்கள் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். வெளியே சொல்லி அழவாவது முடியும். "எங்க வீட்டுக்காரர் பழைய லைட்டைத் துடைச்சுக்கிட்டே இருக்காருங்க" என்று யாரிடம் போய் அழுவது?

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் அவருக்குப் பராமரிப்பு வேலை. அங்கே பழைய விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டும்போதெல்லாம், குப்பைக்குப் போகவேண்டியது நேரே வீட்டுக்கு வந்துவிடும். வட்ட டியூப் போட்ட பால்கண்ணாடித் தட்டு, அலுமினியக் கட்டங்கள் வைத்த நாலு டியூப் பெட்டி, விரல் தடிமன்கூட இல்லாத புது மாடல் என்று எல்லாம் முன்னறையின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த அறையில்தான் அவளுடைய தையல் மெஷினும் இருந்தது.

"இந்த வளைவைப் பாரேன். எப்படி மடிச்சிருக்கான்," என்று தடவிக்கொடுப்பார். பெற்ற மகளைக்கூட அவர் அப்படித் தடவி அவள் பார்த்ததில்லை.

"பாத்தேன். உள்ள செத்துக் கிடக்கிற பூச்சியையும் சேத்துத்தான் பாத்தேன்."

அவருக்கு எல்லாவற்றிலும் உசத்தி, மூடிப்போன ஒரு வங்கியிலிருந்து வந்த விளக்கு. பச்சைப் பூச்சு, இரண்டு பக்கமும் தகடு இறக்கை, எரியும்போது வண்டு மாதிரி ஒரு சத்தம். அதை மெஷினுக்கு நேர்மேலே மாட்டிவிட்டு, உலகத்துக்கே விளக்கேற்றியவர்போல நின்றார். சண்டை போட நேரமில்லாமல் அவளும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஒரு ஹோட்டலில் வரவேற்பறை ஆட்களுக்குக் கோட்டு தைக்கும் வேலை கிடைத்திருந்தது. இது நன்றாக அமைந்தால் ஹோட்டல் முழுவதற்கும் அவள்தான் சீருடை தைப்பாள். இந்தக் குடோனை விட்டு வெளியேறி, கடைத்தெருவில் சொந்தப் பலகை மாட்டலாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் மனசில் கிடக்கும் ஆசை அது.

கோட்டுக் கைகளுக்கு மட்டும் துணி போதவில்லை. அதே நிறத்தில் வேறு கடையில் வாங்கி வந்தாள். துணி எதுவானாலும் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் அவள் கத்திரி வைப்பாள். அன்று பார்த்து மழை கொட்டியது, தெரு இருட்டிக் கிடந்தது.

"எதுக்கு வெளிய போற? டியூப்லயே எழுதியிருக்கு பாரு, டேலைட்னு. பகல் வெளிச்சம்தான். பேங்க்ல கள்ள நோட்டையே இதுலதான் கண்டுபிடிச்சாங்க," என்றார் வீட்டுக்காரர்.

பழைய துணியையும் புதுத் துணியையும் விளக்கடியில் விரித்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காய்கறி வாங்கக்கூட நம்பி அனுப்பாத மனுஷரை அந்த ஒரு விஷயத்தில் நம்பி வெட்டினாள்.

ஹோட்டலின் மஞ்சள் வெளிச்சத்தில் கோட்டு நீலமாகவும் கைகள் பச்சையாகவும் தெரிந்தன. போட்டுப் பார்த்த பையன்களே சிரித்தார்கள். "யாரோட கையம்மா இது?" என்றார் மேனேஜர். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள என்ன செய்யப்போறீங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா வேற டெய்லரைப் பாத்துக்கறோம்."

மறுநாள் சரியான துணியைத் தேடி மொத்த வியாபாரிகளிடம் அவள் அலையவேண்டியிருந்தது.

"தப்பு உன் மேல இல்ல, லைட் மேலதான். நான் போய் மேனேஜருக்குப் புரியவைக்கிறேன்," என்றார் வீட்டுக்காரர். அதன் அடியில் இரண்டு துணியும் ஒன்றாகத் தெரிவதைக் காட்டுவதற்காக வங்கி விளக்கையும் கழற்றினார்.

"ஒரு வாரம் டைம் கேளுங்க. அது போதும். வேற எதுவும் பேசாதீங்க."

"சரி சரி" என்று கோட்டுகளையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு போனார்.

நாலு கடை ஏறி இறங்கி, துணியோடு சாயங்காலம் அவள் வீடு திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் கோட்டு இல்லை. நீளமாக, பித்தளை முனை வைத்த புது ஜந்து ஒன்று தோளில் இருந்தது.

"அந்த மேனேஜர் சாதாரண ஆள் இல்லம்மா. நம்ம விளக்கைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டார். காபி குடிக்கிற இடத்துல மாட்டப்போறாராம். பதிலுக்கு அவங்க பழைய லிஃப்ட்ல இருந்த இந்த லைட்டைக் குடுத்தார். பேசினோம் பேசினோம், நேரம் போனதே தெரியல."

"ஒரு வாரம் குடுத்தாரா?"

"பேச்சு அந்தப் பக்கம் போகவே இல்ல."

அவள் போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் கோட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலையேம்மா," என்றார் மேனேஜர். "உங்களால முடியாதுங்கிறதைச் சொல்லாம சொல்றார்னு நினைச்சேன். வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. முழு ஹோட்டலுக்கும் இனி அவர்தான். ஆனா உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்."

போனை வைத்தாள். அவிழ்க்காத துணிக்கட்டின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். தோளிலிருந்ததை இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"அழாதம்மா. வேற ஆர்டர் வரும்," என்றார் நிஜமான அக்கறையோடு. கொஞ்சம் பொறுத்து, "இதை எங்க மாட்டலாம், அதை மட்டும் சொல்லு," என்றார்.